கொடைக்கானலில் உச்சிப்பொழுது 12 மணிக்கு வருவதே இல்லை

ஜனவரி கடைசியில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்ற வருகிறவர் கையில் டார்ச் லைட் இருக்கும். டிசம்பர் நடுவில் அதே ஆறேகால் மணிக்கு அவர் அதை அணைத்துப் பையில் போட்டிருப்பார். இந்த வருடம் அவர் கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

"அண்ணே, டிசம்பர் 21தான் குட்டிப் பகல், அதுக்கப்புறம் பகல் நீளும்னு சொல்றாங்க. ஒரு மாசம் ஆச்சு. விடியறது இன்னும் பின்னாடிதானே போகுது?"

அவர் கவனித்தது முழுக்கச் சரி. கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். மூடுபனி என்பார்கள், கிழக்கே மலை மறைக்கிறது என்பார்கள். பூமி சூரியனை விட்டு விலகிப் போய்விட்டது என்று வாட்ஸாப்பில் வருடா வருடம் ஒரு செய்தியும் சுற்றுகிறது. மூன்றுமே காரணம் இல்லை. மூடுபனி நவம்பரிலும் உண்டு. மலை நகரவில்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதோ ஜனவரி முதல் வாரத்தில்தான்.

சமவெளி அடிவானத்தை வைத்துக் கொடைக்கானலுக்குக் கணக்குப் போட்டால் இப்படி வரும். டிசம்பர் 21 அன்று சூரியன் உதிப்பது ஏறத்தாழ காலை 6.32, மறைவது மாலை 6.04. ஜனவரி 26 அன்று உதிப்பது 6.43, மறைவது 6.22. பகல் 7 நிமிடம் நீண்டுதான் இருக்கிறது. ஆனால் மாலையில் 18 நிமிடம் கூடி, காலையில் 11 நிமிடம் குறைந்திருக்கிறது. அதாவது பகல் முழுவதுமாகக் கடிகாரத்தில் பின்னால் தள்ளிப் போயிருக்கிறது. பகலின் நடுப்புள்ளியே நகர்ந்துவிட்டது.

அந்த நடுப்புள்ளி ஏன் நகர்கிறது என்று புரிந்துவிட்டால் பால்காரர் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். நிலா ஏன் தினமும் தாமதமாக வருகிறது, மார்கழிக்கு ஏன் நாள் குறைவு என்பதும் அதே வழியில் விளங்கிவிடும்.

12 மணி யாருடைய 12 மணி?

முதலில் எளிய பகுதி. காலையில் கிழக்கே ஏறும் சூரியன், வானத்தின் வடக்கு தெற்குக் கோட்டைக் கடக்கும் கணம்தான் உச்சிப்பொழுது. அப்போது நிழல் அன்றைக்கு மிகக் குட்டையாக இருக்கும். பகலின் நடுப்புள்ளி இதுதான்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் கிழக்கே உள்ள ஊருக்கு உச்சிப்பொழுது முன்னால் வரும், மேற்கே உள்ள ஊருக்குப் பின்னால் வரும். ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு 4 நிமிடம். முன்பெல்லாம் ஒவ்வொரு ஊரும் தன் சூரியனைப் பார்த்தே கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டது. ரயில் வந்தபோது அது சரிப்பட்டு வரவில்லை. அப்போது இந்திய ரயில்வே வெகுகாலம் பின்பற்றியது சென்னை நேரத்தைத்தான். அதற்கு அடிப்படை நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த சென்னை வானாய்வகம். அந்த வானாய்வகத்தின் வானியல் பணிதான் 1899இல் நம் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. ஏரியிலிருந்து மேலே ஏறினால் வரும் சூரிய வானாய்வகம் அதன் வாரிசு. 1901 முதல் அங்கே சூரியனைப் பார்த்துப் பதிவு செய்து வருகிறார்கள்.

1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. அது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை, அதாவது உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கமாகப் போகும் கோட்டை, அடிப்படையாகக் கொண்டது. கொடைக்கானல் இருப்பதோ சுமார் 77.5 டிகிரியில். ஐந்து டிகிரி மேற்கே, ஆக 20 நிமிடம் தாமதம். ஊட்டிக்கு இன்னும் மூன்று நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனவே நம் ஊரில் உச்சிப்பொழுது 12.20க்கு வர வேண்டும். சராசரியாக அப்படித்தான் வருகிறது. ஆனால் பிப்ரவரி 11 வாக்கில் 12.34க்கு வருகிறது, நவம்பர் 3 வாக்கில் 12.04க்கே வந்துவிடுகிறது. வருடத்தில் ஒரு நாள்கூடச் சரியாக 12க்கு வருவதில்லை. ஊர் நகரவில்லை, தீர்க்கரேகையும் மாறவில்லை. அப்படியானால் இந்த அரை மணி நேர ஊசலாட்டம் எங்கிருந்து வருகிறது?

ஏரியைச் சுற்றி ஒரு சைக்கிள்

பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற எத்தனை மணி நேரம் என்று கேட்டால் எல்லோரும் 24 என்போம். பள்ளியில் அப்படித்தான் படித்தோம். உண்மையில் 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. மீதி நான்கு நிமிடம் எங்கே போனது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். படகுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை சைக்கிள் எடுங்கள். உங்கள் நண்பர் அதே இடத்திலிருந்து அதே திசையில் நடக்கத் தொடங்குகிறார். அவர் மகா பொறுமைசாலி. நீங்கள் ஒரு சுற்று முடிப்பதற்குள் அவர் நடப்பது 14 மீட்டர்தான். நீங்கள் ஏரியைச் சுற்றிப் படகுத் துறைக்கு வந்துவிட்டீர்கள். ஒரு சுற்று முடிந்தது. ஆனால் நண்பரைக் காணோம். அவர் 14 மீட்டர் தள்ளிக் கடலை வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவரை எட்டிப் பிடிக்க இன்னும் கொஞ்சம் மிதிக்க வேண்டும்.

இதில் சைக்கிள் என்பது பூமியின் மேல் இருக்கும் நம் ஊர். நண்பர்தான் சூரியன். பூமி சூரியனை வருடத்துக்கு ஒரு முறை சுற்றி வருவதால், விண்மீன்களின் பின்னணியில் சூரியன் தினமும் சிறிது கிழக்கே நகர்வதாகத் தெரிகிறது. 365 நாளில் ஒரு முழு வட்டம், ஆக ஒரு நாளைக்கு 365இல் ஒரு பங்கு. 5 கிலோமீட்டரில் அந்தப் பங்கு 14 மீட்டர். படகுத் துறை என்பது நகராமல் நிற்கும் தொலைதூர விண்மீன்.

படகுத் துறையிலிருந்து படகுத் துறை வரை எடுக்கும் நேரம் விண்மீன் நாள்: 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. நண்பரை விட்டு மறுபடி நண்பரைப் பிடிக்கும் வரை எடுக்கும் நேரம் சூரிய நாள். அதாவது ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுது வரை. நாம் வாழ்வது சூரிய நாளில். அதன் சராசரிதான் 24 மணி.

சந்தேகம் இருந்தால் இதை யோசித்துப் பாருங்கள். கடிகாரத்தை 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு நாள் என்று ஓட விட்டால் தினமும் நான்கு நிமிடம் பிசகும். ஆறு மாதத்தில் 12 மணி நேரம். உச்சி வெயிலில் கடிகாரம் நள்ளிரவு காட்டும். தினமும் ஒரே நேரத்தில் வெளியே வந்து விண்மீன்களைப் பார்க்கிறவர்களுக்கு இது நேரடியாகவே தெரியும். நேற்று பார்த்த விண்மீன் இன்று நான்கு நிமிடம் முன்னதாகவே உதித்திருக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். பூமியின் ஒரு சுற்று வேறு, சூரியனைத் திரும்பப் பிடிப்பது வேறு. பிடிக்க வேண்டிய ஆள் நகர்கிறவர் என்பதால் தினமும் நான்கு நிமிடம் கூடுதலாக ஓட வேண்டியிருக்கிறது.

நண்பரின் நடை சீராக இல்லை

நண்பர் தினமும் சரியாக 14 மீட்டர் நடந்தால் எல்லாச் சூரிய நாளும் 24 மணியாகவே இருந்திருக்கும். அவர் அப்படி நடப்பதில்லை. காரணங்கள் இரண்டு.

முதல் காரணம் வேகம். பூமியின் பாதை கச்சிதமான வட்டம் இல்லை, சற்றே நீண்ட வட்டம். ஜனவரி முதல் வாரத்தில் சூரியனிலிருந்து சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலை முதல் வாரத்தில் சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். அருகில் இருக்கும்போது பூமி விரைந்து ஓடுகிறது, விநாடிக்கு 30.3 கிலோமீட்டர். தொலைவில் இருக்கும்போது 29.3. பூமி விரைந்தால் சூரியன் விரைந்து நகர்வதாக நமக்குத் தெரியும். ஆக ஜனவரியில் நண்பர் எட்டி நடை போடுகிறார், ஜூலையில் ஆற அமர நடக்கிறார்.

இதற்குச் சாட்சி உங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. தினசரிக் காலண்டரில் தமிழ் மாதங்களின் நாட்களை எண்ணிப் பாருங்கள். மார்கழிக்கு 29 அல்லது 30 நாள்தான். ஆனிக்கு 31 அல்லது 32. நம் மாதம் சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம். ராசி ஒவ்வொன்றும் 30 டிகிரி, எல்லாம் ஒரே அளவு. தனுசைச் சூரியன் 29 நாள் சொச்சத்தில் கடந்துவிடுகிறது. மிதுனத்தைக் கடக்க 31 நாளுக்கு மேல் ஆகிறது. பூமியின் வேகம் மாறுவதை மாதக் கணக்கிலேயே வைத்திருக்கும் நாட்காட்டி நம்முடையது. எனக்கு இதில் எப்போதும் பெருமை உண்டு. ஆங்கில மாதங்களின் 30க்கும் 31க்கும் வானத்தோடு இப்படி ஒரு தொடர்பு கிடையாது.

இரண்டாவது காரணம் சாய்வு. இதைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், ஆனால் இதன் பங்குதான் பெரியது. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் வானத்தில் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலேயே நகராமல், வருடத்தில் ஒரு முறை வடக்கேயும் ஒரு முறை தெற்கேயும் சாய்ந்து போய் வருகிறது.

ஏரிச் சாலைக்கே திரும்புவோம். சாலை மிக அகலமானது என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஓரமாக நேரே நடக்காமல், வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்குக் குறுக்காகச் சாய்ந்து போகிறார், பிறகு திரும்பி வெளியே வருகிறார். குறுக்கே சாயும்போது அவருடைய அடிகளில் ஒரு பகுதி பக்கவாட்டில் வீணாகிறது, முன்னேற்றம் குறைகிறது. உள் ஓரத்தை ஒட்டி நடக்கும்போதோ அடி எதுவும் வீணாவதில்லை. அதோடு உள்வட்டம் சிறியது என்பதால் அதே அடிகளில் சுற்றின் பெரிய பங்கைக் கடந்துவிடுகிறார். சூரியன் நிலநடுக்கோட்டைக் குறுக்கே கடக்கும் மார்ச்சிலும் செப்டம்பரிலும் நடப்பது முதல் வகை. வடகோடியையும் தென்கோடியையும் ஒட்டி நகரும் ஜூனிலும் டிசம்பரிலும் நடப்பது இரண்டாவது வகை.

இப்போது டிசம்பர் கடைசியைப் பாருங்கள். சாய்வின் காரணமாகவும் நண்பர் விரைகிறார், பூமி சூரியனை நெருங்குவதாலும் விரைகிறார். இரண்டும் ஒன்று சேர்ந்துகொள்கின்றன. அவரைப் பிடிக்க அதிக நேரம் ஆகிறது. அந்த நாட்களில் ஒரு சூரிய நாள் 24 மணி 30 விநாடி. செப்டம்பர் நடுவிலோ 24 மணிக்கு 21 விநாடி குறைவு.

சிறுகச் சிறுகச் சேர்வது

வெறும் 30 விநாடிதானே என்று தோன்றும். ஆனால் அது மறுநாள் அழிந்துவிடுவதில்லை. இன்றைக்கு 30 விநாடி தாமதம், நாளைக்கு அதன் மேல் இன்னொரு 30 விநாடி. ஒரு வாரத்தில் மூன்றரை நிமிடம். நவம்பர் 3இலிருந்து பிப்ரவரி 11 வரை சரியாக 100 நாள். அந்த நூறு நாளில் சூரிய நாள் தொடர்ந்து 24 மணியைவிட நீளமாகவே இருக்கிறது. கொடைக்கானலின் உச்சிப்பொழுது 12.04இலிருந்து 12.34க்கு நகர்ந்துவிடுகிறது.

நம் கைக்கடிகாரம் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின்தொடராது. ஒரு வருடத்தின் எல்லாச் சூரிய நாட்களையும் கூட்டி வகுத்த சராசரியைத்தான் அது காட்டுகிறது. உண்மையான சூரியனுக்கும் இந்தச் சராசரிக்கும் ஒரு நாளில் இருக்கும் வித்தியாசத்துக்கு நேரச் சமன்பாடு என்று பெயர். சமன்பாடு என்றதும் அல்ஜீப்ரா என்று பயப்பட வேண்டாம். கூட்ட வேண்டிய அல்லது கழிக்க வேண்டிய நிமிடங்கள், அவ்வளவுதான். ஏப்ரல் நடு, ஜூன் நடு, செப்டம்பர் தொடக்கம், டிசம்பர் 25 வாக்கில் அது பூஜ்யம்.

சரி, பால்காரருக்குப் பதில். டிசம்பர் 21க்குப் பிறகு பகல் இரண்டு பக்கமும் நீளத் தொடங்குகிறது. ஆனால் ஆரம்பத்தில் மிக மெதுவாக, நாளைக்குச் சில விநாடிகளே. அதே நேரத்தில் உச்சிப்பொழுது நாளைக்கு அரை நிமிடம் பின்னால் போகிறது. இழுப்பு அந்தப் பக்கமே பலமாக இருப்பதால் விடியலும் பின்னால் போகிறது. ஜனவரி கடைசி வாரத்தில் பகல் நீளும் வேகம் உச்சிப்பொழுது நகரும் வேகத்தை எட்டிப் பிடிக்கிறது. அதன் பிறகுதான் விடியல் முன்னால் வரத் தொடங்கும். மாலையில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். இங்கே மிகச் சீக்கிரம் பொழுது சாய்வது டிசம்பரில் இல்லை, நவம்பர் நடுவில், 5.55 வாக்கில்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால்தான் நமக்கு இது இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. இங்கே குட்டிப் பகலுக்கும் நெட்டைப் பகலுக்கும் வித்தியாசமே ஒன்றேகால் மணி நேரத்துக்குள்தான். லண்டன் மாதிரி ஊர்களில் பகலின் நீளம் வேகமாக மாறுவதால் உச்சிப்பொழுதின் நகர்வு அதற்குள் அமுங்கிவிடும். விடியல் அங்கே ஜனவரி தொடக்கத்திலேயே திரும்பிவிடும்.

நிலா என்னும் இன்னொரு நண்பர்

அதே சாலையில் இன்னொரு நண்பரை இறக்கிவிடுவோம். இவர் 27 நாள் சொச்சத்தில் ஏரியைச் சுற்றிவிடுவார். நீங்கள் ஒரு சுற்று வருவதற்குள் 180 மீட்டருக்கு மேல் நடந்திருப்பார். அவரைப் பிடிக்க வேண்டுமானால் சூரிய நண்பரைத் தாண்டி இன்னும் வெகு தூரம் மிதிக்க வேண்டும். அதனால்தான் நிலா தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில் மலைக்கு மேல் வந்த நிலாவை நான்கு நாள் கழித்துப் பார்க்க ஒன்பது மணிக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும்.

பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு இந்த ஓட்டம் புதிதே இல்லை. நிலா சூரியனைவிட 12 டிகிரி முந்திச் செல்ல ஆகும் காலம்தான் ஒரு திதி. நிலாவின் பாதையும் நீள்வட்டம், அதன் வேகமும் மாறும். அதனால் ஒரு திதி சுமார் 20 மணி நேரத்தில் முடியும், இன்னொன்று 26 மணி நேரத்தையும் தாண்டும். ஒரு சூரிய உதயத்தைக்கூடப் பார்க்காமல் முடிந்துபோகும் திதிகளும் உண்டு. பஞ்சாங்கத்தில் நாழிகையும் விநாழிகையும் அத்தனை விவரமாக இருப்பது இதற்காகத்தான்.

நிலா நம் நாளின் நீளத்திலும் கை வைக்கிறது. அதன் ஈர்ப்பு கடல்நீரைப் பொங்க வைக்கிறது. சுழலும் பூமி அந்தப் பொங்கலைச் சற்று முன்னே இழுத்துச் செல்ல, நிலா அதைப் பின்னுக்கு இழுக்கிறது. ஓடும் சக்கரத்தில் லேசாகக் கை வைத்த மாதிரி பூமியின் சுழற்சி குறைகிறது. குறைந்த சுழற்சி நிலாவின் கணக்கில் சேர, அது வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் விலகிப் போகிறது. அப்போலோ வீரர்கள் நிலாவில் விட்டுவந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்பச் செய்து அளந்த அளவு இது. நாளின் நீளம் ஒரு நூற்றாண்டுக்கு விநாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவாகத்தான் கூடுகிறது. ஆனால் 1967 முதல் விநாடியை அளப்பது சீசியம் அணு. அது பூமிக்காகக் காத்திருப்பதில்லை. அதனால் 1972 முதல் 2016 முடிய 27 முறை உலகக் கடிகாரங்களில் ஒரு விநாடி கூடுதலாகச் சேர்த்தார்கள். கடைசியாகச் சேர்த்தபோது நமக்கு 2017 ஜனவரி 1, காலை ஐந்தரை மணி.

ஒரு கம்பும் ஒரு முற்றமும்

இதையெல்லாம் நம்புவதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கோயில் கட்டும் ஸ்தபதிகள் திசை காண நடும் சங்கு என்னும் முளைக்குச்சியைப் போல ஒரு மீட்டர் கம்பைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக நட்டால் போதும். வாரம் ஒரு முறை, கடிகாரத்தில் சரியாக 12.20க்கு, நிழலின் நுனியில் ஒரு புள்ளி வையுங்கள். கைபேசி நேரம் போதும்.

நேரச் சமன்பாடு என்று ஒன்று இல்லாவிட்டால் எல்லாப் புள்ளியும் வடக்கு தெற்காக ஒரே நேர்கோட்டில் விழ வேண்டும். விழாது. நவம்பரில் கோட்டுக்குக் கிழக்கே ஏழெட்டு சென்டிமீட்டர் தள்ளி விழும், பிப்ரவரியில் மேற்கே ஆறேழு சென்டிமீட்டர். டிசம்பரில் நிழல் வடக்கே 67 சென்டிமீட்டர் வரை நீளும். ஜூனில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்கே 23 சென்டிமீட்டர் விழும். வருடக் கடைசியில் எல்லாப் புள்ளியையும் சேர்த்தால் ஓர் 8 கிடைக்கும், வடக்கே பெரிய வயிறு, தெற்கே சிறிய வயிறு.

என் முற்றத்து 8 இன்னும் முடியவில்லை. ஜூலையில் இரண்டு வாரம் மேகம் விலகவில்லை. அக்டோபர் கடைசியில் தொடங்கிய மழையில் மூன்று புள்ளிகள் போயின. கரிக்கோட்டை விட்டுவிட்டு இப்போது சிமென்டில் ஆணி அடித்துக் குறிக்கிறேன். ஆனால் 8இன் இரண்டு வயிறுகளும் வெட்டிக்கொள்ளும் முடிச்சு கிடைத்துவிட்டது. அது கம்பின் காலடியிலேயே விழுகிறது. கொடைக்கானல் 10.2 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் கிடைத்த வாய்ப்பு இது. ஏப்ரல் நடுவில் சூரியன் நம் உச்சந்தலைக்கு வரும் நாட்களும் நேரச் சமன்பாடு பூஜ்யமாகும் நாளும் இங்கே அடுத்தடுத்து வருகின்றன. சித்திரை முதல் நாள், ஏப்ரல் 14, மதியம் 12.20க்குப் பால்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு மீட்டர் கம்புக்கு ஒன்றரை சென்டிமீட்டர்கூட நிழல் இல்லை.